ஓர் ஒலிநூலைப் பிரித்துப் போடுங்கள், பதிப்புரிமைச் சட்டம் புரியும்

கேள்வி: மதுரையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். பி.காம். படித்தவள். மெய்ப்பு பார்ப்பது, ராயல்டி கணக்கு எழுதுவது என்று இருந்தேன். இப்போது மின்னூல், ஒலிநூல், யூடியூப் சேனல் எல்லாம் என் தலையில். முதலாளி பழைய ஒப்பந்தக் கட்டை எடுத்துப் போட்டு, "இதுல எதையெல்லாம் ஆடியோ போடலாம்னு பார்த்துச் சொல்லும்மா" என்கிறார். இதற்கிடையில் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது உரிமைமீறல் என்று யூடியூப் கொடுக்கும் எச்சரிக்கை, வந்துவிட்டது. காப்புரிமைச் சட்டத்தை முறையாகப் படிக்க ஆசை. மூன்று வருடம் எல்.எல்.பி. படிக்க வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுக்காது. எங்கே தொடங்குவது? எந்தச் சான்றிதழ் படிப்பு உருப்படியானது? ஏ.ஐ. வந்த பிறகு பழைய சட்டத்தைப் படித்துப் பிரயோஜனம் உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: ஒப்பந்தக் கட்டுக்குக் கடைசியில் வருவோம். உண்மையில் உங்கள் பாடப்புத்தகமே அதுதான்.

முதலில் ஒரு சொல். காப்புரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். பாடநூல்களில் காப்புரிமை என்றால் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது. நீங்கள் கேட்பது பதிப்புரிமை, காப்பிரைட். செய்தித்தாள்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிவிட்டன. பேச்சில் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை. ஒப்பந்தத்தில் "காப்புரிமையை வழங்குகிறேன்" என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாதாட ஒரு வரி இலவசமாகக் கிடைத்துவிடும்.

படிப்பை வகுப்பில் தொடங்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் மூலத்தை, கடைக்காரர்கள் 'பேர் ஆக்ட்' என்று சொல்வார்களே, அதை வாங்குங்கள். இந்தியா கோட் இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. கூடவே பதிப்புரிமை விதிகள் 2013. பழைய பதிப்பு தலையில் கட்டப்படாமல் இருக்க இரண்டு சோதனை. பிரிவு 25ஐத் திறங்கள். புகைப்படம் பற்றிய வாசகம் இன்னும் அங்கே இருந்தால் அது 2012 திருத்தத்துக்கு முந்தைய புத்தகம். 'மேல்முறையீட்டு வாரியம்' என்ற சொல் கண்ணில் பட்டால் 2021க்கு முந்தையது, ஏனென்றால் அந்த வாரியத்தை அந்த ஆண்டே கலைத்துவிட்டார்கள். இணையத்தில் உலவும் பாதி பிடிஎஃப்கள் இந்தச் சோதனையில் தோற்கும்.

சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நாவல் மாதிரி படிப்பவர்கள் பிரிவு 11க்குள் நின்றுவிடுவார்கள். முதல் மூன்று வாரம் பிரிவு 2, 13, 14, 17 இந்த நான்கு மட்டும். பிறகு 18, 19, 30. பிறகு காலவரையறை சொல்லும் 22 முதல் 29 வரை. அதன்பின் 38 தொடங்கி வரும் நிகழ்த்துநர் உரிமைகள், 51, 52, 57. பரிகாரங்களும் தண்டனைகளும் கடைசி. தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் முடியும்.

ஆனால் பிரிவுகளை மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அதனால்தான் ஒலிநூல். உங்கள் பதிப்பகம் ஒரு நாவலை ஒலிநூலாக்குகிறது என்று வைத்துக்கொண்டு அதைக் கடிகாரம் மாதிரி பிரித்து மேசையில் பரப்புங்கள்.

அடியில் இருப்பது நாவல், இலக்கியப் படைப்பு. பிரிவு 14(ஏ)யில் எழுத்தாளருக்குள்ள உரிமைகள் வரிசையாக இருக்கின்றன. மறுபதிப்பு ஒன்று, மொழிபெயர்ப்பு வேறொன்று. அந்த வரிசையில் நான்காவதாக, படைப்பைத் திரைப்படமாகவோ ஒலிப்பதிவாகவோ ஆக்கும் உரிமை தனியாக நிற்கிறது. அச்சிடும் உரிமை கையில் இருப்பதால் ஒலிநூல் உரிமையும் கையில் இருப்பதாக ஆகிவிடாது. நாவலைச் சுருக்கிப் படித்தால் தழுவல் உரிமையும் சேர்ந்து வேண்டும்.

அடுத்த அடுக்கு, குரல் கொடுத்தவர். 'நிகழ்த்துநர்' என்பதற்குச் சட்டம் தரும் பட்டியலில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை இருக்கிறார்கள். கதை வாசிப்பவர் பெயர் இல்லை, ஆனால் 'நிகழ்த்தும் வேறு எவரும்' என்ற சொற்களுக்குள் வந்துவிடுவார். அவருக்குத் தனி உரிமை உண்டு, 50 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. அதன் ஆசிரியர் ஒலிப்பொறியாளர் அல்லர், முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்ற தயாரிப்பாளர், அதாவது நீங்கள். அதற்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு.

பிறகு பின்னணி இசை. இங்கே எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். இசை ஒரு படைப்பு, அந்த இசையின் பதிவு இன்னொரு படைப்பு. பழைய கீர்த்தனை உரிமையற்றதாக இருக்கலாம், ஆனால் அதை ஒரு வித்வான் வாசித்து ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவு உரிமை உள்ளது. உங்கள் சேனலுக்கு வந்த ஸ்ட்ரைக்கில் எந்தப் படைப்பின் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இடம்தான்.

மேலே அட்டைப்படம். இதில் பிரிவு 17 ஒரு வேடிக்கை செய்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதே மாதிரி காசு கொடுத்து வெளி ஆளிடம் போடச் சொன்ன இசைக்கு இசையமைத்தவரே உரிமையாளர், எழுதி வாங்காதவரை உங்களுக்கு ஒன்றும் இல்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது என்றால் கதை வேறு, அது நிறுவனத்துடையது. "பில் போட்டுப் பணம் கொடுத்துட்டோமே" என்பது ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது.

கடைசியாக, பதிவேற்றம். பிரிவு 2(எஃப்எஃப்) 'பொதுமக்களுக்குத் தெரிவித்தல்' என்பதை வரையறுக்கும்போது, யாராவது உண்மையில் பார்த்தார்களா கேட்டார்களா என்பது பொருட்டல்ல என்கிறது. "20 பேர்கூடப் பார்க்கலை" என்ற சமாதானம் எடுபடாது. இந்த அடுக்குகளை ஒரு தாளில் ஐந்து கட்டமாக எழுதி, ஒவ்வொன்றிலும் யார் உரிமையாளர், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, நம்மிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று நிரப்புங்கள். பத்துப் புத்தகத்துக்கு இப்படிச் செய்தவர் ஒரு பருவப் பாடத்தைப் படித்தவருக்குக் குறைந்தவர் அல்லர்.

காலவரையறைக் கணக்கு சுலபம், ஆனால் எல்லோரும் ஒரு வருடம் பிசகுகிறார்கள். எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து 60 ஆண்டு. 1965இல் எந்த மாதம் இறந்திருந்தாலும் 2025 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு, 2026 ஜனவரி 1 முதல் இல்லை. இறந்த பிறகே முதன்முதலாக வெளிவந்த டைரி, கடிதம் போன்றவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து எண்ணவேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குத் தனிக் கணக்கு. மூலம் 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாவலாக இருக்கலாம், தமிழாக்கியவர் 1990இல் இறந்திருந்தால் அந்தத் தமிழ் 2050 முடியும் வரை பூட்டியதுதான்.

நாட்டுடைமை நூல்கள் பற்றித் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு அசட்டுத் தைரியம் உண்டு. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துப் பொதுவாக்கியது அந்த எழுத்தாளரின் எழுத்தை மட்டும். பின்னால் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் அடிக்குறிப்பும், புதிதாக வரைந்த படங்களும் அதில் சேரா. முதல் பதிப்பைத் தேடி எடுத்து அதிலிருந்து தட்டச்சு செய்வதே சரியான வழி. அரசாணையில் அந்த எழுத்தாளரின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "நாட்டுடைமைன்னு சொன்னாங்க" என்பது காகிதம் ஆகாது.

இப்போது ஸ்ட்ரைக். யூடியூபின் நடைமுறை டிஎம்சிஏ என்ற அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் மேல் கட்டியது. நமது சட்டம் அதுவல்ல. யூடியூபின் கணினி தானாகவே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி உரிமைகோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு. முதலாவதில் பொதுவாக விளம்பர வருமானம் கைமாறும், வீடியோ சில இடங்களில் முடங்கும், சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் முறையான நீக்கல் கோரிக்கையால் வருவது. 90 நாளில் காலாவதியாகும், அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகும். புகார் தவறு என்று மறுக்கும் எதிர் அறிவிப்பு, கோபத்தில் தட்டும் பட்டன் அல்ல. உங்கள் பெயர், முகவரி புகார் கொடுத்தவருக்குப் போகும், அவர் வழக்குப் போடலாம். தவறு உங்களுடையது என்றால் அவரிடமே பேசிப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்வதுதான் மலிவு.

இந்திய வழி பிரிவு 52(1)(சி)யிலும் விதி 75இலும் இருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்தவேண்டும், 21 நாள் வரை. அதற்குள் அவர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் திரும்பத் திறந்துவிடலாம். உங்கள் ஒலிநூலை வேறொருவர் திருடிப் போடும்போது இந்த 21 நாள் கணக்கு தெரியாமல், புகார் அனுப்பியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 22ஆம் நாள் அது மறுபடி ஓடும்.

30 விநாடி வரை போடலாம், 10 சதவீதம் வரை எடுக்கலாம், 'நன்றி' போட்டால் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரிவு 52இல் விநாடியும் இல்லை, சதவீதமும் இல்லை. அங்கே இருப்பது நோக்கம்: தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி, பிறகு தனித்தனியாகப் பல விலக்குகள். அமெரிக்காவின் 'ஃபேர் யூஸ்' திறந்த வாசல், நம்முடையது பெயர் எழுதிய வாசல்கள். உங்கள் செயல் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் அது விலக்கு அல்ல.

தீர்ப்புகள் நூறு படிக்க வேண்டாம். நான்கு போதும், ஆனால் முழுதாக. கருத்துக்கு உரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உரிமை என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு, 1978. உழைத்ததால் மட்டும் ஒன்று சுயமான படைப்பாகிவிடாது, கொஞ்சமாவது படைப்புத்திறனும் தேர்ச்சியும் வேண்டும் என்பதற்கு ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக், 2007. தீர்ப்புகளைத் திருத்தித் தொகுத்து வெளியிடுபவருக்கு எதில் உரிமை, எதில் இல்லை என்று அது பிரித்துக்காட்டும் விதம், மெய்ப்பு பார்த்துப் பழகிய உங்களுக்கு நன்றாகவே பிடிக்கும். பாடத்துக்காக ஒளிநகல் எடுப்பது பற்றி டெல்லி உயர்நீதிமன்றத்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் எதிர் ராமேஸ்வரி போட்டோகாப்பி, 2016. இணையத் தளங்களின் பொறுப்பு பற்றி அதே நீதிமன்றம், அதே ஆண்டு, மைஸ்பேஸ் வழக்கு.

இந்தக் கடைசி வழக்கில் ஒரு கண்ணி. 2011இல் தனி நீதிபதி மைஸ்பேஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2016இல் இரு நீதிபதி அமர்வு அதை மாற்றி, குறிப்பாக எந்த உள்ளடக்கம் என்று தெரியப்படுத்தினால்தான் தளத்தைப் பிடிக்க முடியும் என்றது. 2011 தீர்ப்போடு நின்றுவிட்ட கட்டுரைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. எந்தத் தீர்ப்பைக் குறித்தாலும் பக்கத்தில் 'மேல்முறையீடு என்ன ஆனது' என்று ஒரு வரி விட்டு வையுங்கள். இந்தியன் கானூன் தளத்தில் இதெல்லாம் இலவசம்.

சாட்சியத்தைச் சட்ட மாணவர்களே தள்ளிப்போடுவார்கள், நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஒலிநூலைத் திருடியவரின் பக்கத்தை போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி வைத்துக்கொள்வது அரை வேலை. வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிடும், அசல் கோப்பு வேறாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் பிரிவு 63 மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஏ பகுதியைத் தரப்பினரும் பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பிலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் கைரேகை மாதிரியான குறியீடும், வேண்டும். ஆகவே முழு யூஆர்எல், தேதி, நேரம் தெரிய பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, ஆடியோவையும் சேமித்து, எந்தக் கணினியில் எடுத்தது என்று குறித்து, அன்றைக்கே எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்து வையுங்கள். 64 இலக்க எழுத்தும் எண்ணுமாக வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது முழுதும் மாறிவிடும். சொந்தக் கோப்பு ஒன்றில் செய்து பாருங்கள், கால் மணி நேரத்தில் பழகிவிடும்.

சான்றிதழ்களுக்கு வருவோம். வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் டிஎல்-101 இணையப் படிப்பு இலவசம். அகலம் அதிகம், ஆழம் குறைவு, இந்தியப் பிரிவுகள் வராது. ஹார்வர்டு சட்டப் பள்ளியின் காப்பிரைட்எக்ஸ் 12 வாரம், அதன் விரிவுரைகள் எவருக்கும் திறந்தே இருக்கின்றன. சிந்தனைக்கு அருமை, ஆனால் அமெரிக்கச் சட்டம். ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத்தளமான என்பிடெல்லில் கற்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். பட்டயம் வேண்டும் என்றால் இக்னோ, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி போன்றவை பட்டதாரிகளைச் சேர்க்கின்றன. பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, 2012 திருத்தம், விதி 75, டிஜிட்டல் பூட்டை உடைப்பது பற்றிய பிரிவு 65ஏ இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பல படிப்புகளில் பேட்டன்டுக்கும் டிரேட்மார்க்குக்கும் நடுவே பதிப்புரிமை ஒரு தாளோடு முடிந்துவிடும்.

தொலைநிலையில் எல்.எல்.பி. என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள், பார் கவுன்சில் ஏற்காது. பேட்டன்ட் முகவர் தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். பதிப்புரிமைக்கு அப்படி ஒரு முகவர் தேர்வே கிடையாது. உங்கள் வேலைக்கு வேண்டியதும் பட்டயத்தைவிட, வக்கீலிடம் போகும்போது சரியான கேள்வியோடு போகும் திறன்.

ஏ.ஐ. பற்றி. 2024இல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அங்கே வாதாடப்படுவது, பயிற்சிக்காகச் சேமிப்பது பிரிவு 14இன் மறுபதிப்பா, பிரிவு 52 அதைக் காக்குமா என்றுதான். பழைய சட்டம் தெரியாதவருக்கு இந்தப் புது வழக்கு புரியவே புரியாது. கணினி உருவாக்கிய படைப்பு பற்றிய வாசகம் 1994 திருத்தத்திலேயே பிரிவு 2(டி)யில் வந்துவிட்டது, படித்துப் பாருங்கள்.

இனி அந்தக் கட்டு. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முதலில் பார்க்கவேண்டியது தேதி. 1995 மே 10க்கு முன்பா, பின்பா? அன்றுதான் 1994 திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய உரிமைமாற்றத்தில் காலம் எழுதப்படவில்லை என்றால் பிரிவு 19(5)படி 5 ஆண்டு மட்டுமே. நிலப்பரப்பு எழுதப்படவில்லை என்றால் 19(6)படி இந்தியா மட்டுமே. ஆக, "இந்நூலை வெளியிடும் உரிமையை அளிக்கிறேன்" என்று ஒரு வரியில் 2003இல் எழுதி வாங்கிய காகிதம் 2008லேயே முடிந்துபோனது. ஒலிநூல் கிடக்கட்டும், அச்சுக்கே உரிமை இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. முதலாளி முகம் சுருங்கும், சொல்லித்தான் ஆகவேண்டும். தொடர்ந்து ராயல்டி வாங்கியதால் அச்சுக்கு அனுமதி இருந்தது என்று வாதாட இடம் உண்டு. ஒலிநூலுக்கு அந்த வாதம் கை கொடுக்காது. 1995க்கு முந்தைய காகிதங்களுக்கு இந்த இரண்டும் பொருந்தா என்று 19(7) சொல்கிறது. அவற்றை வாசகத்தை வைத்துத்தான் படிக்கவேண்டும், அவற்றை மட்டும் தனிக்கட்டாகப் பிரித்து வக்கீலிடம் கொண்டுபோங்கள்.

அடுத்து, எழுதும்போது நடைமுறையில் இல்லாத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. இது பிரிவு 18இல் 2012இல் சேர்ந்த நிபந்தனை. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதத்துக்குரியது, நம்பி இறங்காதீர்கள். அதே பிரிவில் இன்னொன்று: ஒலிப்பதிவில் இடம்பெறும் இலக்கியப் படைப்பின் ஆசிரியர் தமது ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாசகத்தை அப்படியே படித்தால் ஒலிநூலும் இதற்குள் வரும். "மொத்தமா பத்தாயிரம் வாங்கிக்குங்க சார், அதோட முடிஞ்சுது" என்ற ஏற்பாட்டில் முடிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பகுதி நிற்காது.

புதிதாக எழுதி வாங்கும்போது இந்த அளவுக்கு வாசகம் வேண்டும்: "இந்நாவலைச் சுருக்காமல் தமிழில் ஒலிப்பதிவு செய்யவும், அப்பதிவை இணையவழி ஒலிபரப்பவும், தரவிறக்கமாக விற்கவும், 7 ஆண்டுகளுக்கு, உலகம் முழுவதற்கும் உரிமை அளிக்கிறேன், நிகர வருவாயில் இத்தனை சதவீதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை." நிகர வருவாய் என்றால் எதைக் கழித்தபின் என்று அடுத்த வரியில் சொல்லுங்கள், சண்டை எப்போதும் அங்கேதான் தொடங்கும். எழுத்தாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்டால், துபாயில் இருக்கும் தங்கை பின்னால் வந்து கேட்பார்.

கையெழுத்து வாங்கும் வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிவு 19(4)படி, மாற்றிப் பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை. உங்கள் ஸ்டூடியோ வருடத்துக்கு 10 தலைப்புதான் முடிக்கும் என்றால், 40 எழுத்தாளரிடம் ஒரே மாதத்தில் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். இந்த வருடத்துக்கு உண்டான பத்தை மட்டும் வாங்குங்கள். மொத்தமாகத்தான் வாங்கவேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால், "ஒலிப்பதிவைத் தொடங்க 4 ஆண்டு அவகாசம்" என்று ஒரு வரியை வெளிப்படையாகச் சேர்த்துவிடுங்கள்.